பேனல் ‘இயல்பு’ என்று காட்டியபோது முற்றத்தில் எரியாத விளக்குகள்: வெளிப்புறத் தீ எச்சரிக்கை ஒலிபெருக்கி, ஸ்ட்ரோப் இணைப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சரக்கு ஏற்றி இறக்கும் நீண்ட திறந்த முற்றம் ஒன்றில், தீ எச்சரிக்கைக்காக நான்கு ஹார்ன் (கூம்பு வடிவ) ஒலிபெருக்கிகளும், எச்சரிக்கையின்போது விட்டுவிட்டுச் சிமிட்டும் நான்கு ஸ்ட்ரோப் விளக்குகளும் இணை இணையாகப் பொருத்தப்பட்டிருந்தன. உற்பத்திக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த தீ எச்சரிக்கைக் கட்டுப்பாட்டுப் பேனலிலிருந்து 45, 90, 135, 180 மீட்டர் தொலைவுகளில் அவை வரிசையாக அமைந்திருந்தன. ஸ்ட்ரோப்புகளுக்கு 24 வோல்ட் நேர்மின் லைன் ஒன்றும், ஒலிபெருக்கிகளுக்கு 25 வோல்ட் ஒலி லைன் ஒன்றும், இரண்டுமே 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் இழுக்கப்பட்டிருந்தன. கருவிகள் அனைத்தும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கெனச் சான்று பெற்றவை. வாங்கியதில் எந்தக் குறையும் இல்லை.

பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவர்கள் மூன்று குறைகளைச் சொன்னார்கள். மழை பெய்த மறுநாள் காலையில் பேனலில் எர்த் ஃபால்ட், அதாவது கம்பியிலிருந்து பூமிக்கு மின்கசிவு, காட்டும். வெயில் ஏறியதும் தானாகவே நீங்கிவிடும். ஆண்டுச் சோதனையில் வெளி மின்சாரத்தைத் துண்டித்துப் பேட்டரியில் ஓட்டியபோது கடைசி இரண்டு ஸ்ட்ரோப்புகள் எரியவில்லை. மின்சாரம் இருந்தபோது அதே விளக்குகள் பழுதின்றிச் சிமிட்டின. முற்றத்தின் சில இடங்களில் நிற்பவர்களுக்குக் குரல் அறிவிப்பு கேட்கிறது, ஆனால் என்ன சொல்லப்படுகிறது என்பது புரிவதில்லை. இந்த மூன்றில் முதலாவதைத் தவிர மற்ற இரண்டும் நிலவிய காலம் முழுவதும் பேனல் ‘இயல்பு’ என்றே காட்டியது. இந்த ஆய்வில் நான் முதன்மையாகக் கருதுவது அதைத்தான். பேனல் தன் லைனைக் கண்காணிப்பதற்கும், அந்த லைன் தீ நேரத்தில் சுமையைத் தாங்குவதற்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. வெயிலும் மழையும் படும் வெளிப்புற வயரிங்கில் அந்த இடைவெளி மேலும் விரிகிறது.

கண்காணிப்பு எதைப் பார்க்கிறது

வழக்கமான ஸ்ட்ரோப் லைனில், எச்சரிக்கை இல்லாத நேரத்தில் பேனல் தலைகீழான துருவமுனையில் ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஸ்ட்ரோப்பின் உள்ளேயும் இருக்கும் டையோடு அந்தத் திசையில் மின்னோட்டத்தைத் தடுத்துவிடுவதால், அது லைனின் கடைசியில் இருக்கும் முடிவு ரெசிஸ்டர் வழியாக மட்டுமே திரும்பி வரும். எச்சரிக்கை எழும்போது பேனல் துருவமுனையை மாற்றும். டையோடுகள் திறந்துகொள்ள, விளக்குகள் எரியும். ஒலிபெருக்கி லைனில் இதே வேலையை ஒரு மின்தேக்கி செய்கிறது: கண்காணிப்புக்கான நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, ஒலிக்கான மாறுமின்னோட்டத்தை மட்டும் உள்ளே விடுகிறது. பொது அறிவிப்புக்கென்று விற்கப்படும் சாதாரண ஹார்ன்களில் இந்த மின்தேக்கி இருப்பதில்லை. அப்படி ஒன்றைத் தீ எச்சரிக்கை லைனில் இணைத்தால் அதன் மின்மாற்றிச் சுருள் பேனலுக்கு ஷார்ட்டாகவே தெரியும். தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கிறதே என்று மாற்றிப் பொருத்துவது கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

முடிவு ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம் என்று கொண்டால், 24 வோல்ட்டில் கணக்கிட்டாலும் கண்காணிப்பு மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியர் அளவுதான். லைனில் எங்கோ ஒரு கெட்ட இணைப்பு 3 ஓம் மின்தடையைக் கூட்டினால், அந்தச் சிறு மின்னோட்டத்தில் அது உண்டாக்கும் மின்னழுத்த இழப்பு 15 மில்லி வோல்ட். 4,700 ஓமுக்கு நடுவே 3 ஓமை எந்தப் பேனலும் பிரித்தறியாது. அதே இணைப்பின் வழியே எச்சரிக்கை நேரத்தில் 1 ஆம்பியர் பாய்ந்தால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆக, கம்பி அறுந்துவிட்டதா, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே கண்காணிப்பு பதில் சொல்கிறது. கம்பி நன்றாக இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை.

எரியாத இரண்டு விளக்குகள்

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு ஸ்ட்ரோப்பும் தேர்ந்த ஒளிச்செறிவில், அதன் மிகக் குறைந்த இயங்கு மின்னழுத்தத்தில் எடுக்கும் உச்ச மின்னோட்டம் 0.25 ஆம்பியர்; நான்குக்குமாக 1 ஆம்பியர். இங்கே உச்ச அளவையே எடுக்க வேண்டும், ஏனெனில் ஸ்ட்ரோப் என்பது ஏறத்தாழ மாறாத திறனை உறிஞ்சும் கருவி. மின்னழுத்தம் குறையக் குறைய அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், அதனால் லைனில் இழப்பு இன்னும் கூடும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை 20 பாகை செல்சியஸில் கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போகும் கம்பி, வரும் கம்பி இரண்டையும் சேர்த்தால் 45 மீட்டர் பகுதி ஒவ்வொன்றும் 1.09 ஓம். முதல் பகுதியில் 1 ஆம்பியர், அடுத்ததில் 0.75, பிறகு 0.5, கடைசியில் 0.25 என்று மின்னோட்டம் குறைந்துகொண்டே போவதால், நான்காவது விளக்கை எட்டும்போது மொத்த இழப்பு 2.72 வோல்ட் ஆகிறது. 24 வோல்ட் அமைப்பில் பேட்டரி காலியாகும் தறுவாயில் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் 20.4 வோல்ட்டிலிருந்து இதைக் கழித்தாலும் 17.7 வோல்ட் எஞ்சுகிறது. கருவிக்குத் தேவை 16 வோல்ட். காகிதத்தில் இந்த லைன் தேறிவிட்டது. ஆனாலும் விளக்குகள் எரியவில்லை.

அடுத்து எச்சரிக்கையை இயக்கிவைத்து, சுமை பாயும்போதே ஒவ்வோர் இணைப்பிலும் மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்த இழப்பை அளந்தோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஓம் அளப்பதைவிட இந்த முறை பல மடங்கு நம்பகமானது. மீட்டர் அனுப்பும் மிகச் சிறு மின்னோட்டத்தில் நல்ல இணைப்பைப் போல நடிக்கும் ஒரு கெட்ட இணைப்பு, 1 ஆம்பியரில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டடச் சுவரைத் துளைத்து லைன் வெளியே வரும் இடத்தில் இருந்த ஜங்ஷன் பெட்டியில், நேர்முனைக் கம்பியின் ஒரே ஒரு இணைப்பில் 2.9 வோல்ட் இழப்பு தெரிந்தது. டெர்மினல் பிளாக் எதுவும் இல்லாமல், இரண்டு கம்பிகளையும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை வெப்பத்தில் இளகி வழிந்து, ஓரங்கள் எழும்பியிருந்தன. பிரித்தபோது செம்பின்மேல் பச்சைக் களிம்பு படிந்து, முறுக்கின் இடுக்குகளில் கருத்திருந்தது. விரலால் முறுக்கை அழுத்தினால் மீட்டரில் எண் குறைந்தது, விட்டதும் ஏறியது.

இனி கணக்கு பொருந்தியது. சோதனையன்று பழைய பேட்டரிகள் சுமை ஏறியதும் 21 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தன. அதில் இணைப்பு 2.9 வோல்ட்டைத் தின்றது. முதல் விளக்குக்கு 17 வோல்ட், இரண்டாவதுக்கு 16.2, மூன்றாவதுக்கு 15.7, நான்காவதுக்கு 15.4. எரிந்தவை முதல் இரண்டு, எரியாதவை கடைசி இரண்டு. வெளி மின்சாரம் இருக்கும்போது பேனல் 26 வோல்ட் அளவுக்குக் கொடுத்ததால் அதே இழப்புக்குப் பிறகும் கடைசி விளக்குக்கு 20 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தது. ஆகையால், மின்சாரம் இருக்கும்போது மட்டும் செய்யப்படும் சோதனை இந்தப் பழுதை ஒருபோதும் வெளிக்கொணர்ந்திருக்காது. தீ விபத்தின்போது முதலில் போவது பெரும்பாலும் மின்சாரம்தான் என்பதை நினைத்தால், பேட்டரியில் ஓட்டிப் பார்க்காத சோதனையைச் சோதனை என்று ஏற்க என் மனம் இடம் கொடுப்பதில்லை.

வெப்பத்தைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் கூடுகிறது. நேரடி வெயில் படும் உலோகக் குழாய்க்குள் 50 பாகையை எட்டுவது அரிதல்ல. அப்போது மின்தடை சுமார் 12 சதவீதம் அதிகம். கட்டடத்துக்குள் இதைப் புறக்கணிக்கலாம். எல்லைக்கோட்டில் நிற்கும் வெளிப்புற லைனில், ஒரு விளக்கு எரிவதா அணைவதா என்பதையே இந்த 12 சதவீதம் முடிவு செய்யக்கூடும்.

மழைக்குப் பிந்திய எர்த் ஃபால்ட்

தீ எச்சரிக்கை லைன்கள் பூமியோடு தொடர்பின்றி மிதக்கும் நிலையில் இருப்பதால், ஏதேனும் ஒரு கம்பி ஈரத்தின் வழியே உலோகப் பெட்டியைத் தொட்டாலும் அமைப்பு நின்றுவிடாது. பேனல் தெரிவிப்பதோடு சரி. அந்தக் காரணத்தாலேயே இது அலட்சியப்படுத்தப்படுகிறது. எதிர்முனைக் கம்பியிலும் இன்னோர் இடத்தில் அதே போன்ற கசிவு ஏற்பட்டால் இரண்டும் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். அந்த லைனில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒருசேர ஊமையாகிவிடும். முதல் எர்த் ஃபால்ட் என்பது சரிசெய்வதற்குக் கிடைக்கும் அவகாசம்.

பிற்பகலில் வந்து பார்த்தவர்களால் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதில் வியப்பில்லை, அந்நேரத்தில் அது இருக்கவே இல்லை. மழைக்கு அடுத்த காலையில், பழுது நிலவும்போதே, லைனை நடுவில் பிரித்து எந்தப் பாதியில் கசிவு இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் பிரித்து நெருங்கினோம். பேனலையும் கருவிகளையும் முழுக்கக் கழற்றிவிட்டு வெறும் கம்பியில் மட்டுமே கம்பியின் காப்புறையைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரைப் பயன்படுத்த வேண்டும். ஸ்ட்ரோப்பின் மின்னணுப் பகுதியோ பேனலின் வெளியீட்டுப் பகுதியோ அந்த மின்னழுத்தத்தைத் தாங்காது.

கசிவு இரண்டாவது கருவியின் பின்பெட்டியில் இருந்தது. கம்பிகள் செல்லும் கன்ட்யூட் குழாய் பெட்டிக்குள் மேற்புறமாக நுழைந்தது. குழாயின் மேல் இணைப்புகள் வழியே இறங்கிய நீரெல்லாம் நேராகப் பெட்டிக்குள் விழுந்து, வெளியேற வழியின்றித் தேங்கியிருந்தது. உட்சுவரில் நீர் நின்ற மட்டம் வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது; கீழ் டெர்மினல் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. பயன்படாத துளை ஒன்றைச் சிலிக்கானால் அடைத்திருந்தார்கள், அதுவும் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடும் வகை. வினிகர் வாடை வீசும் அந்த வகை செம்பை அரிக்கும். மின் இணைப்புகள் உள்ள பெட்டிக்கு நடுநிலையாகக் காயும் சிலிக்கானே உகந்தது. துளையை அடைப்பதற்கோ அதற்கென்று உள்ள மூடியும் வாஷரும்தான் சரி.

தூசியும் நீர்ப்பீச்சலும் புகாது என்று கூறும் கருவியின் ஐபி 66 சான்றைச் சுட்டிக்காட்டி, நீர் எப்படிப் புகுந்தது என்று ஒரு கேள்வி எழுந்தது. அந்தச் சான்று முன்புறக் கருவியையும் அதற்குரிய வெளிப்புறப் பின்பெட்டியையும் கேஸ்கெட்டோடு சேர்த்துப் பொருத்தும்போது பொருந்துவது. குழாய் வழியே உள்ளே வரும் நீருக்கு அது பொறுப்பாகாது. மழையே இல்லாவிட்டாலும் நீர் சேரும். பகலில் சூடான குழாய்க்குள் காற்று விரிந்து வெளியேறுகிறது; இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியே உள்ள ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது; அந்த ஈரம் உலோகச் சுவரில் குளிர்ந்து துளியாகிறது. குளிரூட்டிய கட்டடத்திலிருந்து வெப்பமான வெளிக்குச் செல்லும் குழாயில் இது இன்னும் கடுமை. அதனால் சுவரைக் கடக்கும் இடத்தில் குழாயின் உள்வாயை அடைக்கும் கலவையால் அடைக்க வேண்டும்; வெளியே உள்ள பகுதியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் வடிகால் பொருத்த வேண்டும்; பெட்டிக்குள் குழாய் அடிப்புறமாக நுழைய வேண்டும். தரைக்கு மேலே இருந்தாலும் வெளிப்புறக் குழாயின் உட்புறம் ஈரமான இடமாகவே விதிகளில் கருதப்படுகிறது. கட்டடத்துக்குள் பயன்படும் தீ எச்சரிக்கை கேபிளைக் குழாய்க்குள் இழுத்துவிட்டதால் மட்டும் அது வெளிப்புறத்துக்குத் தகுதி பெற்றுவிடாது. கேபிளே ஈர இடத்துக்கென்று தரப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்.

கேட்டும் புரியாத குரல்

முற்றத்தில் காற்றமுக்கிகள் (கம்ப்ரசர்கள்) ஓடும்போது சராசரி இரைச்சல் 72 டெசிபல். அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 72-இன்படி, பொதுமக்களுக்கான எச்சரிக்கை ஒலி சராசரிச் சூழல் இரைச்சலைவிட 15 டெசிபல், அல்லது 60 நொடிகளாவது நீடிக்கும் உச்ச இரைச்சலைவிட 5 டெசிபல், இவற்றில் எது கூடுதலோ அந்த அளவு உயர்ந்திருக்க வேண்டும். இங்கே சராசரியை வைத்துக் கிடைத்த 87 டெசிபலே கூடுதலான அளவாக இருந்தது. ஹார்ன் 15 வாட்டில் 3 மீட்டர் தொலைவில் 102 டெசிபல் தரும் என்று அதன் விவரத்தாள் சொன்னது. தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பதால், 45 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஹார்ன்களுக்கு நடுவே, அதாவது 22.5 மீட்டரில், எஞ்சுவது 84.5 டெசிபல். இது நேர்முகமாக நிற்பவருக்கான கணக்கு. ஹார்னின் அச்சிலிருந்து விலகி நிற்பவருக்கு இன்னும் குறையும். அதோடு 25 வோல்ட் லைனில் கம்பி இழப்பும் சேர்கிறது. நான்கு ஹார்ன்களும் சேர்ந்து 60 வாட் எடுக்கும்போது கடைசி ஹார்னை எட்டும் ஒலி 2 டெசிபல் குறைந்துவிடுகிறது. திறனில் சொன்னால் 15 வாட்டில் 9 வாட்டுக்குச் சற்று மேல்தான் அங்கே சேர்கிறது. அதே கம்பியில், அதே சுமையில், 70.7 வோல்ட் முறையில் இந்த இழப்பு 0.3 டெசிபல் மட்டுமே. மின்னழுத்தம் உயர்ந்தால் மின்னோட்டம் குறைவு, கம்பியில் வீணாவதும் குறைவு.

பராமரிப்பாளர்கள் முன்வைத்த தீர்வு, ஹார்ன்களை 30 வாட்டுக்கு ஏற்றுவது. வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். நடுப்புள்ளியில் எண்ணளவில் தேறிவிடலாம். ஆனால் குறை ஒலியின் அளவில் மட்டும் இல்லை என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. ஒரே சொல் இரண்டு ஹார்ன்களிலிருந்து வெவ்வேறு நேரத்தில் காதை அடைகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 17 மீட்டர் பாதை வேறுபாட்டுக்கு 50 மில்லி நொடி தாமதம் ஆகிறது. அதற்கு மேல் போனால் காது அதைத் தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். ஒரு ஹார்னிலிருந்து 13 மீட்டரிலும் மற்றதிலிருந்து 32 மீட்டரிலும் நிற்பவருக்கு வேறுபாடு 19 மீட்டர். இரண்டாவது ஒலி முதலாவதைவிட 8 டெசிபல்தான் தாழ்ந்திருக்கும். அந்த அளவில் அது முதல் ஒலியின் அசைகள்மீது விழுந்து சொல்லைக் குலைத்துவிடும். இரண்டு ஹார்ன்களையும் சமமாக உயர்த்தினால் இந்த 8 டெசிபல் அப்படியே இருக்கும். எதிர்ப்புறக் கட்டடத்தின் தகரச் சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் அதே விகிதத்தில் உயரும்.

ஆகவே எட்டு ஹார்ன்களை ஒவ்வொன்றும் 7.5 வாட்டில், சுமார் 22 மீட்டர் இடைவெளியில், முகத்தைச் சற்றே தரைநோக்கிச் சாய்த்துப் பொருத்தினோம். மொத்தச் சுமை மாறவில்லை, அதே 60 வாட். ஒவ்வொரு ஹார்னும் 3 மீட்டரில் 99 டெசிபல்; நடுப்புள்ளியான 11 மீட்டரில் 87.7. இப்போது 19 மீட்டர் பாதை வேறுபாடு வர வேண்டுமானால் ஒருவர் ஏறக்குறைய ஒரு ஹார்னுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். அங்கே தொலைவிலுள்ள ஹார்னின் ஒலி 20 டெசிபல் தாழ்ந்து, உணரப்படாமல் மறைந்துவிடும். வெளிமுற்றங்களுக்குச் சில உரத்த ஹார்ன்களைவிடப் பல மெல்லிய ஹார்ன்களே ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. கருவிகளின் எண்ணிக்கையும் குழாய் வேலையும் கூடுவதை இதற்கு எதிராகச் சொல்வார்கள். புரியாத அறிவிப்பைக் கேட்டு மக்கள் திகைத்து நிற்பதற்கு அந்தச் செலவு ஈடாகாது.

25 வோல்ட்டிலிருந்து 70.7 வோல்ட்டுக்கு மாறும்போது ஒவ்வொரு ஹார்னிலும் உள்ள தேர்வுக் குமிழை மாற்றுவது கட்டாயம். 25 வோல்ட்டுக்கு 15 வாட் என்று வைக்கப்பட்ட ஒரு ஹார்ன் மறதியால் அப்படியே விடப்பட்டால், 70.7 வோல்ட்டில் அது எட்டு மடங்கு, 120 வாட்டை இழுக்க முயலும். லைனுக்கு ஒலியை அனுப்பும் பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) மொத்தமும் அமர்ந்துவிடும். பெருக்கியை இணைக்கும் முன் லைனின் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் தடையை) அளந்தால் இது உடனே தெரியும்: 60 வாட் சுமைக்கு 70.7 வோல்ட் லைனில் 83 ஓம் அளவு காட்ட வேண்டும்.

கண்காணிப்புக்கு வெளியே இருந்த ஒரு கிளை

இது யாரும் குறையாகச் சொல்லாதது. ஒவ்வொரு கருவியிலும் ஒரு கம்பியைக் கழற்றி, பேனல் பழுது காட்டுகிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, நான்காவது ஒலிபெருக்கியில் கழற்றியும் பேனல் இயல்பாகவே இருந்தது. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட அந்த ஒலிபெருக்கியை, இடையிலிருந்த ஜங்ஷன் பெட்டியிலிருந்து கிளை பிரித்து இணைத்திருந்தார்கள். முடிவு ரெசிஸ்டர் பழைய இடத்திலேயே, மூன்றாவது ஒலிபெருக்கியில் இருந்தது. அந்தக் கிளை அறுந்து போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே பாதையில் சென்று முடிவு ரெசிஸ்டரில் முடியும் இந்த கிளாஸ் பி வயரிங்கில் கிளை பிரிக்கக் கூடாது. லைன் ஒவ்வொரு கருவிக்குள்ளும் சென்று திரும்பி அடுத்ததற்குப் போக வேண்டும். ரெசிஸ்டர் கடைசிக் கருவியில்தான் இருக்க வேண்டும்.

முதல் ஸ்ட்ரோப்பில் வேறொன்றைக் கண்டோம். கம்பியை வெட்டாமல், உறையை மட்டும் சீவி, திருகைச் சுற்றி வளையமாக வைத்து இறுக்கியிருந்தார்கள். வேகமான வேலை, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். திருகு தளர்ந்து அந்த வளையம் நழுவினால் விளக்கு செத்துவிடும். கம்பி அறுபடாததால் கண்காணிப்பு மின்னோட்டம் மட்டும் தடையின்றி ரெசிஸ்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும். வரும் கம்பிக்கும் போகும் கம்பிக்கும் தனித்தனித் துளைகளோடு டெர்மினல்கள் செய்யப்படுவதே இதைத் தடுக்கத்தான்.

மறு வயரிங்

புதிய லைன்களை 2.5 சதுர மி.மீ. கம்பியில், முறுக்கிய இணைகளாக, ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனியாக இழுத்தோம். அந்தக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம். அடுக்கிய சரக்குக்குப் பின்னால் மறைந்த ஒரு பகுதிக்காக ஐந்தாவது ஸ்ட்ரோப் சேர்க்கப்பட்டதால் மொத்த மின்னோட்டம் 1.25 ஆம்பியர். எல்லாச் சுமையும் 180 மீட்டர் முனையில் இருப்பதாகக் கடுமையாகக் கணக்கிட்டு, 50 பாகை வெப்பத்தையும் சேர்த்தாலும் இழப்பு 3.7 வோல்ட், 20.4 வோல்ட்டில் 16.7 எஞ்சுகிறது. கருவிகளுக்கு இடையே எங்கும் இணைப்பு வைக்கவில்லை. தவிர்க்க முடியாத ஒரே இடமான சுவர்ப் பெட்டியில் மட்டும் டெர்மினல் பிளாக் பொருத்தினோம். பெட்டி வெளியே இருந்து உள்சுவருக்கு மாற்றப்பட்டது.

அந்த இடத்திலேயே மின்னெழுச்சிக் காப்பும் அமைந்தது. மின்னல் நேராகத் தாக்க வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே நீண்ட வெளிப்புறக் கம்பியில் எழும் மின்னெழுச்சி பேனலின் வெளியீட்டைப் பொசுக்கிவிடும். கடைசிக் கருவிகள் தனி எர்த் கொண்ட அடுத்த கட்டடத்தின் சுவரில் இருந்ததால் அந்த முனையிலும் காப்பு தேவைப்பட்டது. காப்புக் கருவிகள் சிலவற்றில் தொடர் மின்தடை உண்டு. வாங்கும் முன் அதைப் பார்த்து மின்னழுத்தக் கணக்கில் சேர்க்காவிட்டால், முன்பிருந்த கெட்ட இணைப்பை நாமே விலை கொடுத்து வாங்கிப் பொருத்தியது போலாகும். கவசம் உள்ள கேபிளில் கவசத்தைப் பேனல் முனையில் மட்டுமே எர்த் செய்தோம்.

ஸ்ட்ரோப்புகளைப் பொறுத்தவரை, வெளியில் அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். அறைக்குள் ஸ்ட்ரோப்பின் ஒளி சுவர்களில் பட்டுப் பரவுவதால், அதை நேரே பார்க்காதவரும் உணர்வார். ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 54-23 கேட்கும் 0.4 லக்ஸ் ஒளியை 110 கேண்டெலா விளக்கு சுமார் 16.6 மீட்டர் வரைதான் தரும். நடுப்பகல் வெயிலோ 1,00,000 லக்ஸை எட்டக்கூடியது. ஆகவே திறந்த வெளியில் விளக்கு நேராகக் கண்ணில் பட்டாக வேண்டும். அது நிழலான, இருண்ட சுவரின் பின்னணியில் இருக்க வேண்டும். மாலை வெயிலுக்கு எதிராக அதைப் பார்க்க நேரக் கூடாது. ஒரே பார்வையில் இரண்டுக்கு மேற்பட்ட ஸ்ட்ரோப்புகள் தெரியும் இடத்தில் எல்லாம் ஒரே கணத்தில் சிமிட்ட வேண்டும். தனித்தனியே ஒவ்வொன்றும் நொடிக்கு 1 அல்லது 2 முறை சிமிட்டினாலும், ஒத்திசைவு இல்லாவிட்டால் பார்ப்பவரை எட்டும் மொத்த வேகம் கூடி, ஒளியால் வலிப்பு தூண்டப்படக்கூடியவர்களுக்கு ஆபத்தாகும். ஐந்தாவது விளக்கை அடுத்த கட்டடத்தின் துணை மின்வழங்கியிலிருந்து எடுத்தால் கம்பி மிச்சமாகும் என்ற யோசனையை இதற்காகவே தவிர்த்தோம். இரண்டு மின்வழங்கிகளுக்கு இடையே ஒத்திசைவுத் தொடர்பு அங்கே இல்லை.

ஒப்படைப்புச் சோதனை

பழைய பேட்டரிகளை மாற்றி, குரல் அறிவிப்பு அமைப்புக்கு என்எஃப்பிஏ 72 கேட்கும்படி 24 மணி நேரக் காத்திருப்புக்கும் அதன் பிறகு 15 நிமிட எச்சரிக்கைக்கும் போதுமான கொள்ளளவைக் கணக்கிட்டுப் பொருத்தினோம். காத்திருப்பு நேரம் முழுவதையும் பேட்டரியிலேயே கழித்த பிறகுதான் எச்சரிக்கை இயக்கப்பட்டது. காற்றமுக்கிகள் அனைத்தும் ஓடும்போது, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், ஹார்ன்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு நடுப்புள்ளியிலும் ஒலி அளக்கப்பட்டது. சரக்கு அடுக்குகளுக்கு நடுவே நின்றவர்கள் அறிவிப்பின் வாசகத்தைத் திருப்பிச் சொல்லும்படி கேட்கப்பட்டார்கள். ஒவ்வொரு கருவியிலும் ஒரு கம்பி கழற்றப்பட்டு, பேனலில் பழுது பதிவாவது உறுதி செய்யப்பட்டது. ஒவ்வொரு லைனிலும் ஒரு கம்பி வேண்டுமென்றே எர்த்தில் தொடப்பட்டு, அதுவும் பதிவாகிறதா என்று பார்க்கப்பட்டது.

ஸ்ட்ரோப் லைனைப் பேனலிலிருந்து பிரித்து, கடைசி விளக்கில் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக இணைத்து, லைனின் முழுச் சுற்று மின்தடையை அளந்தோம். கணக்குப்படி அது 2.7 ஓமுக்கு அருகில் இருக்க வேண்டும்; அப்படியே இருந்தது. அந்த எண்ணும், எச்சரிக்கை ஓடும்போது ஒவ்வொரு விளக்கின் டெர்மினலிலும் கிடைத்த மின்னழுத்தமும், அளந்த நேரத்தின் வெப்பநிலையும் ஒரு தாளில் எழுதப்பட்டுப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டன. அடுத்த ஆண்டுச் சோதனைக்கு வருபவர் அதே அளவுகளை எடுத்து, அந்தத் தாளின் அடுத்த நிரலில் எழுத வேண்டும். சுற்று மின்தடை அரை ஓம் கூடியிருந்தாலும், பேனல் என்ன காட்டினாலும், முதலில் சுவர்ப் பெட்டியின் டெர்மினல் பிளாக்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது.